பர்னிங் மேன் விழாவில் சைக்கிளைத் தொலைக்காமல் இருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினத்தோடு முடியும் பர்னிங் மேன் விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே கூடும் சுமார் 70,000 பேரும் நடந்தோ சைக்கிளிலோதான் சுற்றியாக வேண்டும். முகாமில் நிறுத்திய காரை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு திரியக் கூடாது. சைக்கிள் போனால் காலே போன மாதிரிதான்.

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர், "இங்கே எல்லாரும் நல்லவர்கள், யார் எடுக்கப் போகிறார்கள்" என்று பூட்டே கொண்டுவருவதில்லை. மீதிப் பேர் பூட்டைக் கொண்டுவந்துவிட்டு, "ஐந்து நிமிஷம்தானே" என்று பூட்டாமல் விட்டுப் போகிறார்கள். காலையில் இரண்டு சாராரும் ஒரே மாதிரி நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே சைக்கிள் எப்படிக் காணாமல் போகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கட்டர் எடுத்துக்கொண்டு வரும் தேர்ந்த திருடன் அபூர்வம். நடுராத்திரியில், களைத்துப்போய், கொஞ்சம் குடித்தும் இருக்கிற ஒருவர் தன் சைக்கிளைத் தேடுகிறார். கிடைக்கவில்லை. முகாம் ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறது. பக்கத்தில் பூட்டாத சைக்கிள் ஒன்று நிற்கிறது. "காலையில் திருப்பி வைத்துவிடலாம்" என்று ஏறிப் போகிறார். திருப்பி வைப்பதில்லை. அந்த சைக்கிளின் சொந்தக்காரர் வருகிறார், காணோம், அவரும் இன்னொன்றை எடுக்கிறார். ஒரு சைக்கிளில் தொடங்கிய கதை விடிவதற்குள் பல பேரை நடக்க வைத்துவிடுகிறது. உங்கள் சைக்கிள் இந்தச் சங்கிலியில் சிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. சிக்கிவிட்டால், சங்கிலி உங்களோடு அறுபடுவதும் உங்கள் பொறுப்புதான்.

முதல் ஐந்து படிகளையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். விழாவுக்குள் வாங்குவது விற்பது கிடையாது. ஐஸ் மாதிரி ஓரிரு பொருள்தான் விலைக்குக் கிடைக்கும். பூட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கையில் இருக்க வேண்டியவை

நம்பர் பூட்டு ஒன்று, முடிந்தால் மாற்றுப் பூட்டு ஒன்று. அழியாத மை மார்க்கர். அகலமான ஒட்டும் டேப். முன்னும் பின்னும் விளக்குகள், அவற்றுக்கு மாற்று பேட்டரி. பம்ப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், மாற்று ட்யூப். செயினுக்கு உலர் வகை எண்ணெய். சின்ன நோட்டும் பென்சிலும்.

1. தொலைந்தால் தாங்கக்கூடிய சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள்

விலை உயர்ந்த சைக்கிளை அங்கே கொண்டுபோகாதீர்கள். திருட்டு ஒரு காரணம், தூசி இன்னொரு காரணம். அந்தப் பாலைவனம் ஒரு வறண்ட ஏரிப்படுகை. அதன் தூசி காரத்தன்மை கொண்டது, மாவு போல நுண்ணியது. கியர், செயின், பேரிங் எதையும் விடாது. கியர் இல்லாத சாதாரண சைக்கிளும் அகலமான டயரும் போதும். மெல்லிய டயர் புழுதி மேடுகளில் புதைந்துபோகும்.

அதற்காக ஓட்டை சைக்கிளைக் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. "போனால் போகட்டும்" என்று வாங்கிய சைக்கிளைத்தான் யாரும் பூட்டுவதில்லை. நடுவழியில் பிரேக் அறுந்தால் அங்கேயே போட்டுவிட்டு நடக்கிறார்கள். பிரேக், பெடல், சீட் உயரம் மூன்றையும் வீட்டிலேயே சரிபார்த்து, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், தொலைந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் முன்பே படித்துக்கொள்ளுங்கள். வாடகை சைக்கிள்கள் ஒரே நிறம், ஒரே வடிவம். ராத்திரியில் உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியாது. ஐந்தாம் படி உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம்.

2. வரிசை எண்ணையும் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

சைக்கிளைத் தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு பெடல் தண்டுகளும் சேரும் இடத்தில், பிரேமின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரிசை எண் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். நோட்டிலும் எழுதுங்கள். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், முன்பக்கம் என்று மூன்று படங்கள். கீறல், ஒட்டிய ஸ்டிக்கர், கிழிந்த சீட் என்று தனி அடையாளம் எதுவானாலும் அதற்கு நெருக்கத்தில் ஒரு படம்.

படங்கள் போனிலேயே சேமித்திருக்க வேண்டும். விழா நடக்கும் இடத்தில் மொபைல் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. இணையத்தில் சேமித்த படத்தை அங்கே திறக்க முடியாமல் தவிப்பவர்கள் நிறைய. "நீல சைக்கிள், முன்னால் கூடை இருக்கும்" என்ற வர்ணனைக்குப் பொருந்தும் சைக்கிள்கள் அங்கே எக்கச்சக்கம். எண் ஒன்றுதான் ஐயத்துக்கு இடமில்லாத சாட்சி.

3. முகாம் முகவரியை சைக்கிளிலேயே எழுதுங்கள்

பிளாக் ராக் சிட்டி என்று அழைக்கப்படும் அந்தத் தற்காலிக ஊர் கடிகார முகப்பு மாதிரி அமைக்கப்படுகிறது. நடுவில், விழாக் கடைசியில் எரிக்கப்படும் பெரிய மனித உருவம். 2:00 மணி திசையிலிருந்து 10:00 மணி திசைவரை ஆரத் தெருக்கள். அவற்றைக் குறுக்காக வெட்டும் வளைவுத் தெருக்களில் முதலாவது எஸ்பிளனேட். அதற்கு வெளியே உள்ளவற்றின் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் வரும், ஆண்டுதோறும் மாறும். ஆகவே முகவரி என்பது ஒரு கடிகார மணித் திசையும் ஒரு தெருப்பெயரும்தான்.

உங்கள் பெயர், முகாமின் பெயர், முகவரி, ஒரு போன் நம்பர் நான்கையும் டேப்பில் மார்க்கரால் எழுதி, பிரேமில் இரண்டு இடங்களில் ஒட்டுங்கள். மேலே இன்னொரு சுற்று ஒளி ஊடுருவும் டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டே நாளில் தூசி எழுத்தை அரித்துவிடும். ஒன்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், இன்னொன்று சீட்டுக்கு அடியில். முகாமின் இடம் முன்கூட்டியே தெரியாவிட்டால் முகவரிக்கு இடம் விட்டுவைத்து, போன உடனே நிரப்புங்கள்.

தொலைந்த சைக்கிள்கள் பல இரவோடு இரவாக யாரோ ஒருவருடைய முகாம் வாசலில் வந்து நிற்கின்றன. அந்த முகாம்காரர்கள் நல்லவர்கள். யாருடையது என்று தெரிந்தால் கொண்டுவந்து கொடுப்பார்கள். முகவரி இல்லையென்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. போன் நம்பர் விழா முடிந்த பிறகு உதவும்.

4. சரியான பூட்டை வாங்கி, வீட்டிலேயே பழகுங்கள்

சாவிப் பூட்டு வேண்டாம், நம்பர் பூட்டுதான் வேண்டும். உடை மாற்றுவதும், ஆடுவதும், புழுதிப்புயலில் நிற்பதுமாக வாரம் போகிற இடம் அது. அவ்வளவு சின்னச் சாவி அங்கே தங்காது. சாவி தொலைந்தால் சைக்கிள் உங்கள் கண் முன்னாலேயே பூட்டியபடி நிற்கும். அறுக்கக் கருவி தேடி அலைய வேண்டும். கடைசியில் அப்படியே விட்டுப் போகிறவர்களும் உண்டு.

கனமான யு வடிவப் பூட்டு அவசியமில்லை. நகரத்தில் திருடனைத் தடுக்கப் பூட்டுகிறோம். இங்கே தடுக்க வேண்டியது அசதியில் ஏறிப் போகிறவரை. சக்கரம் சுற்றவில்லை என்றால் அவர் அடுத்த சைக்கிளுக்குப் போய்விடுவார். நடுத்தரத் தடிமனுள்ள கேபிள் பூட்டு இதற்குப் போதும். ஆனால் நீளம் முக்கியம்: சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்துச் சுற்றிய பிறகு, பக்கத்தில் நிற்கும் நண்பரின் சைக்கிள் பிரேமையும் வளைத்துக்கொள்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

வாங்கியவுடன் நம்பரை அமைத்து, கண்ணை மூடிக்கொண்டு இல்லாவிட்டாலும் மங்கிய வெளிச்சத்தில் பத்து தடவையாவது திறந்து மூடிப் பாருங்கள். எண் சக்கரங்கள் சின்னதாக இருக்கும். தூசிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையுறையோடு, இருட்டில் அவற்றைத் திருப்புவது வேறு வேலை. ஆகவே எண்கள் பெரிதாகவும் எதிர்நிறத்திலும் உள்ள பூட்டாகப் பாருங்கள். நம்பரை நம்பிக்கையான ஒரு நண்பரிடம் சொல்லி வையுங்கள். முகாமில் எல்லாரும் ஒரே நம்பர் வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான். ஒருவருக்கு மறந்தாலும் இன்னொருவருக்கு நினைவிருக்கும்.

பூட்டுக்குள் தூசி போனால் எண் சக்கரம் இறுகும். சாதாரண எண்ணெய் விட்டால் தூசி அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். உலர் வகை எண்ணெயைப் புறப்படும் முன் ஒரு தடவை போடுங்கள். ஓட்டும்போது பூட்டை ஒரு துணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் கட்டுங்கள்.

5. தூரத்திலிருந்தே தெரியும்படி அலங்கரியுங்கள்

அலங்காரம் அழகுக்கு மட்டும் இல்லை. பார்த்த கணமே "இது என்னுடையது இல்லை" என்று பிறருக்குப் புரிய வேண்டும். ராத்திரி தவறுதலாக எடுத்துப் போவது இதனால் மட்டுமே பாதி குறையும். உங்களுக்கும், நூறு சைக்கிள்களுக்கு நடுவே உங்களுடையது சட்டென்று கண்ணில் படும்.

ஹேண்டில்பாருக்கு ஒரு நிறத் துணி, பிரேம் முழுக்க ஒரே நிற விளக்குச் சரம், பின்னால் உயரமான கம்பியில் ஒளிரும் அடையாளம். இதில் கம்பிதான் எல்லாவற்றையும்விடப் பயன்படும். கூட்டத்தில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்போது கண்ணுக்குத் தெரிவது அது மட்டும்தான். இறகு, மினுமினுப்புத் தூள், உதிரும் இழை எதுவும் வேண்டாம். உதிர்ந்தது எல்லாம் குப்பை, அதைப் பொறுக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. சைக்கிளுக்குப் பச்சை பெயின்ட் அடிக்காதீர்கள், பச்சை சைக்கிளாக வாங்கவும் செய்யாதீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டி, இறங்கிய இடத்தில் அடுத்தவருக்காக விட்டுச் செல்லலாம் என்று விழாவில் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்படும் சைக்கிள்களின் நிறம் பச்சை. உங்கள் பச்சை சைக்கிளைப் பார்ப்பவர், நியாயமாகவே, அதைப் பொதுச் சொத்து என்று நினைத்து ஏறிப் போவார். அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

6. போய்ச் சேர்ந்ததும் நிறுத்துமிடத்தை முடிவு செய்யுங்கள்

டெண்ட் கட்டும் பரபரப்பில் சைக்கிளைத் தெருவோரம் சாய்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். கூடாது. முகாமின் உள்பக்கமாக, தெருவிலிருந்து நேராகத் தெரியாத ஓர் இடத்தை ஒதுக்கி, எல்லா சைக்கிள்களையும் ஒரே கேபிளில் கோத்துப் பூட்டுங்கள். "முகாமுக்குள்தானே இருக்கிறது" என்று பூட்டாமல் தூங்கி, காலையில் எழுந்து தேடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். டெண்ட் கயிற்றிலோ அதன் கம்பியிலோ பூட்டாதீர்கள். யாராவது இழுத்தால் டெண்டே சாயும்.

7. இறங்கும் ஒவ்வொரு தடவையும் இதே வரிசை

அந்த வெட்டவெளியில் மரம் கிடையாது, பூட்ட ஏற்ற கம்பம் கிடையாது. சில முகாம்கள் சைக்கிள் நிறுத்தும் சட்டம் வைத்திருக்கும். மற்ற இடங்களில் சைக்கிளை அதனோடேயேதான் பூட்ட வேண்டும். கலைப்படைப்புகளின் மேல் சாய்க்கவோ அவற்றோடு சேர்த்துப் பூட்டவோ கூடாது; ராத்திரியில் யாராவது தடுக்கி விழுவார்கள், படைப்பும் சேதமாகும்.

நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. இறங்குங்கள். ஸ்டாண்ட் போடுங்கள். கேபிளைப் பின்சக்கரத்தின் ஸ்போக்குகளுக்கு நடுவே விட்டு, பிரேமின் பின் முக்கோணத்தைச் சுற்றி, நண்பரின் சைக்கிள் பிரேமையும் வளைத்துக் கொண்டுவந்து பூட்டுங்கள். எண்களைக் கலையுங்கள். ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கழற்றக்கூடிய விளக்குகளைத் தவிர மற்ற விளக்குகளை எரியவிடுங்கள். இருட்டில் கிடக்கும் சைக்கிள் மேல் கலை வண்டிகள் (கலைப்படைப்பாக மாற்றி, அனுமதி பெற்று ஓட்டும் வண்டிகள்) ஏறிவிடக் கூடும். பிறகுதான் திரும்ப வேண்டும். திரும்பி நின்று, எந்த மணி திசை, எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் கலை வண்டியை அடையாளமாக வைக்காதீர்கள், அது நகர்ந்துவிடும்.

முன்சக்கரத்தை மட்டும் பூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பின்சக்கரம் சுற்றுகிறது என்றால் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே உருட்டிப் போகலாம். கையால் திருகிக் கழற்றும் வகை முன்சக்கரமாக இருந்தால் அதைக் கழற்றிப்போட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோகவும் முடியும்.

இரண்டு நிமிஷ வேலையானாலும் பூட்டுங்கள். அங்கே இரண்டு நிமிஷம் என்பது கிடையாது. தண்ணீர் கேட்கப் போன இடத்தில் பாட்டு நடக்கும், உட்கார்ந்துவிடுவீர்கள்.

மனித உருவத்தையும், கோயில் என்று அழைக்கப்படும் மரக் கட்டுமானத்தையும் தாண்டி வெளிவேலிப் பக்கம் போகும்போது தண்ணீர், டார்ச், தூசி முகமூடி மூன்றும் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், சைக்கிள் கூடையில் இல்லை. கூடையோடு சைக்கிள் போனால் வெயிலில் ஒரு மைலுக்கு மேல் வெறுங்கையோடு நடக்க வேண்டிவரும். பகல் வெப்பம் 100 பாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்களும் உண்டு.

8. எரிப்பு இரவுகளில் முறையை மாற்றுங்கள்

சனிக்கிழமை இரவு மனித உருவம் எரிக்கப்படும், ஞாயிறு இரவு கோயில். இந்த இரண்டு இரவுகளிலும் பல்லாயிரம் பேர் ஒரே வட்டத்தைச் சுற்றிக் கூடி, முடிந்ததும் ஒரே நேரத்தில் எழுவார்கள். கூட்டத்துக்குப் பக்கத்தில் போட்ட சைக்கிள் மிதிபடும், அல்லது மாறிப்போகும்.

முடிந்தால் நடந்தே போங்கள். எஸ்பிளனேடிலிருந்து மனித உருவம் சுமார் அரை மைல்தான். சைக்கிள் வேண்டுமென்றால் கூட்டத்திலிருந்து நன்றாகப் பின்னால், உங்கள் முகாம் இருக்கும் மணி திசையிலேயே நிறுத்துங்கள். எழுந்ததும் நெருப்பு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நேரே நடந்தால் சைக்கிள் வந்துவிடும்.

மழை பெய்தால் வேறு கணக்கு. 2023-இல் பெய்த மழையில் தரை முழுக்கப் பசை மாதிரிச் சேறாகி, சைக்கிள் சக்கரங்கள் சுற்றவே இல்லை. அந்த மாதிரி நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போராடாமல், இருந்த இடத்திலேயே பூட்டி, இடத்தைக் குறித்துவிட்டு நடந்து வந்துவிடுங்கள். தரை காய்ந்ததும் போய் எடுத்துவிட வேண்டும்.

9. காணவில்லையா? இந்த வரிசையில் தேடுங்கள்

முதலில் நின்ற இடத்திலிருந்து ஐம்பது அடிச் சுற்றளவைப் பொறுமையாகப் பாருங்கள். "போச்சு" என்று முடிவுகட்டியவர்களில் கணிசமானவர்கள் வேறு திசையில் தேடிக்கொண்டிருந்தவர்கள். இருட்டில் எல்லாத் திசையும் ஒன்று போலத்தான் இருக்கும். நண்பர்களைக் கேளுங்கள், உங்கள் நம்பர் தெரிந்த நண்பர் எடுத்துப் போயிருக்கலாம்.

அப்புறம் முகாமுக்கு நடந்து வந்து தூங்குங்கள். ராத்திரித் தேடலில் பலன் குறைவு, களைப்பு அதிகம். விடிந்ததும் நீங்கள் தொலைத்த இடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், குறிப்பாக ராத்திரி முழுக்கக் கூட்டம் சேரும் பெரிய இசை முகாம்களைச் சுற்றித் தேடுங்கள். அசதியில் எடுத்தவர் தன் முகாமுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி விட்டுப் போயிருப்பார்.

மூன்றாவது, ஊரின் பொது மையமான சென்டர் கேம்ப் பக்கம் இருக்கும் ப்ளேயா இன்ஃபோ என்ற தகவல் மையம். தொலைந்த பொருள், கிடைத்த பொருள் விவரங்கள் அங்கேதான். வரிசை எண், படம், முகாம் முகவரி மூன்றோடும் போங்கள்.

பூட்டை அறுத்து எடுத்ததற்கு அடையாளம் இருந்தாலோ, மின்சார சைக்கிள் போல விலை உயர்ந்ததாக இருந்தாலோ போலீசில் புகார் பதியுங்கள். விழா நடக்கும் நிலம் பெர்ஷிங் கவுன்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி) வருகிறது. அந்தக் கவுன்டியின் ஷெரிப் அலுவலகத்தார் விழாவில் இருப்பார்கள். காப்பீடு கேட்கவும் அந்தப் புகார் தேவைப்படும். பிளாக் ராக் ரேஞ்சர்கள் போலீஸ் இல்லை, தன்னார்வலர்கள். உங்கள் சைக்கிளை வேறொருவரிடம் பார்த்து வாக்குவாதம் வந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். நீங்களாகப் பிடுங்க வேண்டாம். அவர் கையில் இருப்பது அதே மாதிரி இன்னொரு சைக்கிளாக இருக்கலாம், அல்லது அவரும் ஏமாந்து எடுத்தவராக இருக்கலாம். அடிப்பக்கத்து எண்ணைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

10. அடுத்தவர் சைக்கிளைத் தொடாதீர்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "என்னுடையதை யாரோ எடுத்துவிட்டார்கள், நான் ஒன்றை எடுத்தால் என்ன" என்ற எண்ணம் தொலைத்த அன்றைக்கு ராத்திரி கட்டாயம் வரும். முன்னால் சொன்ன சங்கிலி ஓடுவதே அந்த எண்ணத்தால்தான். உங்களுக்கு நடந்ததை முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் செய்கிறீர்கள். அவர் மருந்து எடுக்க முகாமுக்குப் போக வேண்டியவராக இருக்கலாம், மறுநாள் காலைப் பணிக்குப் போக வேண்டிய தன்னார்வலராக இருக்கலாம்.

"இங்கே எல்லாமே பரிசுதானே" என்றும் சிலர் நியாயம் சொல்வார்கள். விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி 2004-இல் எழுதிவைத்த விழாவின் பத்துக் கொள்கைகளில் பரிசளித்தல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பரிசு என்பது கொடுப்பவர் கொடுப்பது. அதே பத்தில் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இருக்கிறது. தொலைத்தவர் செய்ய வேண்டியது நடப்பது, பச்சை சைக்கிள் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்வது, நண்பரிடம் கேட்டு வாங்குவது. பச்சை சைக்கிளையும் பூட்டி வைக்கக் கூடாது, முகாமுக்குள் தள்ளிவைக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் அதுவும் எடுத்துக்கொண்டதுதான்.

வெட்டவெளியில் தனியாகக் கிடக்கும் சைக்கிளை "கைவிட்டது" என்று முடிவுகட்டாதீர்கள். சொந்தக்காரர் பக்கத்துக் கலைப்படைப்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கலாம். உங்கள் முகாம் வாசலில் தெரியாத சைக்கிள் நின்றால் டேப்பில் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லையென்றால் தேதி எழுதிய சீட்டை ஒட்டி, தெருவிலிருந்து தெரியும்படி அங்கேயே விடுங்கள். உள்ளே இழுத்து வைத்தால் தேடி வருபவர் கண்ணில் படாது.

11. திரும்பும்போது கொண்டுவந்தாக வேண்டும்

விழா முடிந்ததும் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள் விட்டுச்செல்லப்பட்ட ஆண்டுகள் உண்டு. தன்னார்வலர்கள்தான் பொறுக்கி அகற்றுகிறார்கள். பூட்டிய நிலையில் விட்டுப் போனால் அவர்கள் வேலை இரட்டிப்பு. யாருக்காவது பயன்படட்டும் என்று விட்டுவிடுவது தானம் ஆகாது. கொடுப்பதாக இருந்தால் விழாவுக்கு வெளியே வாங்கிக்கொள்பவரிடம் முன்பே பேசி, கொண்டுபோய்க் கொடுங்கள்.

புறப்படும் முந்தின நாள் பகலிலேயே எல்லா சைக்கிள்களையும் முகாமுக்குக் கொண்டுவந்து, எண்ணிப் பார்த்து, அலங்காரங்களைக் கழற்றுங்கள். வண்டியில் கட்டும்போது நம்பர் பிளேட் மறையக் கூடாது. பின்பக்கத் தாங்கியில் சைக்கிள் மாட்டுபவர்கள் இதில் சிக்கிப் போலீசிடம் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் பட்டை போட்டு இறுக்கி, கையால் ஆட்டிப் பாருங்கள். திரும்பும் வழியான 447-ஆம் நெடுஞ்சாலையில் சைக்கிள் கழன்று விழுந்தால் பின்னால் வருபவர் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கலந்த வினிகரால் பிரேம், செயின், ஸ்போக்குகள் எல்லாவற்றையும் துடையுங்கள். காரத் தூசியை அந்த அமிலம் முறிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பூட்டையும் அப்படியே கழுவி, எண் சக்கரங்களைப் பலமுறை சுற்றிவிட்டுக் காயவையுங்கள். வாடகை சைக்கிளாக இருந்தால், திருப்பிக் கொடுக்கும்போது அடிப்பக்கத்து எண்ணை உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.